கொழும்பு இன்னொரு சர்வதேச விளையாட்டு விழாவைத் தாங்குமா?

ஒரு தம்பி இப்படிக் கேட்டிருந்தார்: "தெற்காசிய விளையாட்டு விழா போன்ற ஒன்றைக் கொழும்பில் திரும்பவும் நடத்தினால் அது நாட்டுக்கு நல்லதா, வீண்செலவா? 1991 இலும் 2006 இலும் இங்கே நடந்ததே, அதில் எங்களுக்கு என்ன மிஞ்சியது?"

தம்பி, கொழும்பால் முடியுமா என்றால் முடியும். அதற்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. என்ன மிஞ்சியது என்று கேட்டீர்களே, அதற்குத்தான் கதைக்க நிறைய இருக்கிறது. முப்பது வருடத்துக்குக் கிட்ட உடற்கல்வி ஆசிரியராக இருந்து, மெய்வல்லுநர் போட்டிகளில் களநடுவராக நின்று, இரண்டு விழாக்களையும் கிட்ட இருந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

முதலில் 1991. அப்போது அதற்கு சாஃப் விளையாட்டு விழா என்று பெயர். 1984 இல் காத்மண்டுவில் தொடங்கி, டாக்கா, கல்கத்தா, இஸ்லாமாபாத் என்று சுற்றி, ஐந்தாவது விழா கொழும்புக்கு வந்தது. டிசம்பர் 22 முதல் 31 வரை. ஏழு நாடுகள். இலங்கை 44 தங்கம் வென்று, 64 வென்ற இந்தியாவுக்கு அடுத்ததாக வந்தது. பாகிஸ்தானைப் பின்னுக்குத் தள்ளியது ஊரெல்லாம் பேச்சாக இருந்தது. நான் உயர்தரம் முடித்துவிட்டு கொட்டாஞ்சேனையில் மாமா வீட்டில் இருந்த காலம். அங்கிருந்து சுகததாச விளையாட்டரங்குக்கு நடந்தே போய்விடலாம். மாமா வேலை முடிந்து வந்ததும் சட்டைகூட மாற்றாமல் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்.

அதே மாதம் யாழ்ப்பாணத்தில் என் மச்சான் ஒருவன் இருந்தான். நீளம் பாய்தலில் கெட்டிக்காரன். அங்கே மின்சாரம் இல்லை, ரேடியோவுக்கு பற்றரி கிடையாது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோவை இயக்கித்தான் செய்தி கேட்பார்கள். ஒருவர் சுற்ற மற்றவர்கள் கேட்பார்கள். நீளம் பாய்தல் முடிவு சொன்ன இரவு சுற்றிக்கொண்டிருந்தவனுக்குக் கை உளைந்து நிறுத்திவிட்டான், தூரம் எவ்வளவு என்று கேட்கவே இல்லை என்று பிறகு வந்த கடிதத்தில் எழுதியிருந்தான். கொழும்பில் நடந்த விழா எல்லோருடைய விழாவாகவும் இருந்ததா என்று யார் கேட்டாலும் எனக்கு அந்தக் கடிதம்தான் ஞாபகம் வரும்.

சரி, அந்த விழாவில் என்ன மிஞ்சியது? சொந்த ஊர்ச் சனத்துக்கு முன்னால் ஓடி வெல்ல முடியும் என்ற எண்ணம் மிஞ்சியது. இதைக் கணக்குப் போட்டுக் காட்ட முடியாது. ஆனால் அடுத்த பத்து வருடத்தைப் பாருங்கள். 1997 இல் ஏதென்ஸ் உலகப் போட்டியில் சுசந்திகா ஜயசிங்கவுக்கு 200 மீற்றரில் வெள்ளி. 1998 இல் பாங்கொக் ஆசிய விளையாட்டு விழாவில் தமயந்தி தர்ஷாவுக்கு 200, 400 மீற்றர் இரண்டிலும் தங்கம், சுகத் திலகரத்னவுக்கு 400 மீற்றரில் தங்கம். 2000 இல் சிட்னி ஒலிம்பிக்கில் சுசந்திகாவுக்கு வெண்கலம், முதலாவதாக வந்த அமெரிக்க வீராங்கனை மரியன் ஜோன்ஸின் பதக்கம் ஊக்கமருந்துக்காகப் பறிக்கப்பட்ட பிறகு அது வெள்ளியானது. 1991 இல் சுசந்திகாவுக்கு 16 வயதுதான். அந்த வெற்றியெல்லாம் ஒரு விழாவால் வந்தது என்று சொல்ல மாட்டேன். அவர்களுடைய உழைப்பும் பயிற்றுநர்களின் உழைப்பும்தான் முதல். ஆனால் நல்ல ஓடுபாதை ஒன்று நகரத்தில் இருப்பதும், அதில் பெரிய போட்டி நடப்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பதும் சின்ன விஷயம் இல்லை.

இனி 2006. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பத்தாவது தெற்காசிய விளையாட்டு விழா, ஆகஸ்ட் 18 முதல் 28 வரை. ஆப்கானிஸ்தானும் சேர்ந்து எட்டு நாடுகள். அந்த மாதம் எப்படி இருந்தது என்று உங்கள் வயதில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். மாவிலாற்றில் தொடங்கிய சண்டை முழுப் போராக மாறிக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் 11 முகமாலையில் சண்டை வெடித்து ஏ9 வீதி மூடப்பட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து தரைவழியாக ஒருவர் கொழும்புக்கு வர வழியில்லை. ஆகஸ்ட் 14 கொள்ளுப்பிட்டியில் பாகிஸ்தான் உயர்ஸ்தானிகரின் வாகனத் தொடரைக் குறிவைத்துக் குண்டு வெடித்தது. அதே நாள் முல்லைத்தீவில் செஞ்சோலை வளாகத்தில் விமானக் குண்டுவீச்சில் பாடசாலை மாணவிகள் பலர் கொல்லப்பட்டார்கள். முத்தரப்புக் கிரிக்கெட் தொடருக்கு வந்திருந்த தென்னாபிரிக்க அணி, கொழும்பு பாதுகாப்பில்லை என்று திரும்பிப் போய்விட்டது. குண்டுகள் வெடித்து நாலு நாள் கழித்து சுகததாசவில் தொடக்க விழா.

எனக்கு நீளம் பாய்தல் குழியில் வேலை. காற்றுமானி. பாயும் பலகையிலிருந்து 20 மீற்றர் தூரத்தில், 1.22 மீற்றர் உயரத்தில் அதை வைப்போம். வீரர் ஓடி வந்து, பலகைக்கு 40 மீற்றர் தூரத்தில் இருக்கும் அடையாளத்தைத் தாண்டும் நொடியில் அழுத்த வேண்டும். ஐந்து வினாடி காற்றை அது அளக்கும். முதுகுப்புறக் காற்று வினாடிக்கு 2.0 மீற்றருக்கு மேல் போனால் பாய்ச்சல் செல்லும், சாதனையாகப் பதிய முடியாது. ஆகஸ்ட் என்றால் தென்மேற்குக் காற்று. அரங்கின் படிக்கட்டு வரிசைகளில் மோதிச் சுழன்று வரும். ஒரு பாய்ச்சலுக்கு முகத்தில் அடிக்கும், அடுத்ததுக்கு முதுகில் தள்ளும். எண்ணைப் படித்து, எழுதி, உயர்த்திக் காட்டும்போது வெளியே நடப்பதெல்லாம் மறந்துவிடும். அதை நினைத்துப் பிறகு வெட்கப்பட்டதும் உண்டு, அதனால்தான் அந்த மாதத்தைத் தாண்ட முடிந்தது என்று நினைத்ததும் உண்டு.

கழுத்தில் எனக்கு நீல நாடாவில் ஒரு விழா அட்டை தொங்கியது. படம், பெயர், பிரிவு, எங்கெங்கே போகலாம் என்பதற்கான குறிகள். முதல் நாள் மாலை வெள்ளவத்தைக்குத் திரும்பும்போது சோதனைச்சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். என் பெயரைப் பார்த்தார்கள், பிறகு அட்டையைப் பார்த்தார்கள். "விளையாட்டு விழாவா, போங்கள்" என்றார்கள். எனக்குப் பின்னால் நின்றவர் என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் அண்ணர். அவரிடம் அடையாள அட்டை இருந்தது, பொலிஸ் பதிவு இருந்தது, அந்த நீல நாடா மட்டும் இல்லை. அவரை நிறுத்தி வைத்தார்கள். நான் பஸ்ஸில் ஏறாமல் ஒன்றரை மணித்தியாலம் காத்திருந்து அவருடன்தான் வீட்டுக்கு வந்தேன். நடந்து வரும்போது அவர் கேட்டார், "பாய்ச்சல் எப்படித் தம்பி, நல்லாப் பாய்ஞ்சாங்களா?" என்று. அதற்குமேல் அவர் அதைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை.

விழா முடிந்தபோது இந்தியா 118 தங்கம், பாகிஸ்தான் 43, இலங்கை 37. உதைபந்தாட்ட இறுதியாட்டத்தில் பாகிஸ்தானிடம் ஒரு கோலால் தோற்றோம். 1991 இல் இருந்த உற்சாகம் இல்லை. ஆனால் ஒழுங்கமைப்பாகப் பார்த்தால் அது தோல்வி இல்லை. அப்படி ஒரு மாதத்தில் எட்டு நாட்டு வீரர்களை அழைத்து, சாப்பாடு போட்டு, போட்டி நடத்தி, பத்திரமாகத் திருப்பி அனுப்பியது பெரிய வேலை.

அந்த விழாவின் மிச்சம் என்று நான் கட்டடத்தைச் சொல்ல மாட்டேன், ஆட்களைச் சொல்வேன். தொடக்குநர், நேரக்கணிப்பாளர், குழி நடுவர், ஊக்கமருந்துச் சோதனைக்கு வீரர்களைக் கூட்டிப் போகும் துணையாள், நீச்சல் திருப்ப நடுவர் என்று நூற்றுக்கணக்கானோர் சர்வதேச விதியைப் புத்தகத்தில் படிக்காமல் கையால் பழகினார்கள். எங்களில் பலர் ஆசிரியர்கள். பழகியதை எங்கள் எங்கள் பாடசாலைக்குக் கொண்டுபோனோம். வலய மட்டப் போட்டியில் கண்ணளவால் முடிவு சொன்ன காலம் போய், நாடா பிடித்து சென்ரிமீற்றர் வரை எழுதும் பழக்கம் வந்தது. சின்ன மாற்றம் மாதிரித்தான் தெரியும். 2 சென்ரிமீற்றரில் மாகாண அணியைத் தவறவிட்ட பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும், அதுவும் கண்ணால் பார்த்ததுதான். போர் முடிந்து சில வருடம் கழித்துக் கொழும்பில் ஒரு பாடசாலைப் போட்டி. வன்னியிலிருந்து ஒரு பிள்ளை 400 மீற்றர் ஓட வந்திருந்தாள். இரவு பஸ்ஸில் வந்து, விடிய முகம் கழுவிக்கொண்டு நேரே மைதானம். போட்டிக்கு முன் வீரர்களைச் சரிபார்க்கும் அறையை நாங்கள் கோல் ரூம் என்போம். அங்கே சப்பாத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். இரவல் சப்பாத்து, அடியில் 12 மில்லிமீற்றர் ஆணி. புல்லிலும் மண்ணிலும் ஓட அதுதான் சரி. செயற்கை ஓடுபாதையில் 9 மில்லிமீற்றருக்கு மேல் விடமாட்டார்கள். உயரம் பாய்தலுக்கும் ஈட்டி எறிதலுக்கும் மட்டும்தான் 12. அவளுக்கு அப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது. அவளுடைய ஊரில் அப்படி ஓடுபாதை இருந்தால்தானே தெரியும்? ஆணியைக் கழற்றலாம் என்றால் சாவி இல்லை, ஆணியும் துருப்பிடித்து இறுகியிருந்தது. நேரம் முடிந்தது. வெறுங்காலோடு ஓடினாள். பதினொரு மணி வெயிலில் அந்தத் தரை எப்படிக் கொதிக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். நாலாவதாக வந்தாள். முடிவுக் கோட்டைத் தாண்டியதும் புல்லில் உட்கார்ந்து உள்ளங்காலைத் தூக்கிப் பிடித்தாள். நான் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து ஊற்றினேன். "சேர், இதில ஓடினா நல்லா எத்துது" என்றாள். கால் எரியும்போதும் அவளுக்கு அந்தத் தரையின் துள்ளல்தான் பெரிதாகப் பட்டது.

அதனால்தான் இப்படியொரு விழா வேண்டுமா என்று கேட்டால், ஓடுபாதை யாருக்கு என்று நான் திருப்பிக் கேட்பேன்.

இப்போது நடத்த முடியுமா என்ற விஷயத்துக்கு வருவோம். போக்குவரத்து 2006 ஐவிட நன்றாக இருக்கிறது. அப்போது கட்டுநாயக்கவிலிருந்து வத்தளை வழியாக நீர்கொழும்பு வீதியில் ஊர்ந்து வர வேண்டும். 2013 இல் திறந்த அதிவேக வீதி பேலியகொடை வரை வருகிறது, 2021 இல் களனி ஆற்றுக்குப் புதிய பாலமும் வந்துவிட்டது. அங்கிருந்து சுகததாச ஒரு எட்டு. மெய்வல்லுநருக்குச் சுகததாச இருக்கிறது, ஹோமாகம தியகமவிலும் செயற்கை ஓடுபாதை இருக்கிறது. ஹொக்கிக்கு ரீட் அவெனியூ தரை, றக்பிக்கு ரேஸ் கோர்ஸ், கிரிக்கெட்டுக்குக் கெத்தாராம, படகோட்டத்துக்குப் பொல்கொட. வீரர்களைத் தங்கவைக்க ஹோட்டல் போதும், தனிக் கிராமம் கட்டத் தேவையில்லை. காலத்தைச் சரியாகப் பார்க்க வேண்டும்: ஒக்டோபர், நவம்பர் மழையிலும் சித்திரை முடிந்து வரும் மழையிலும் கொழும்பில் மெய்வல்லுநர் வைப்பது மடத்தனம். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை நல்லது. பாடசாலை விடுமுறை என்று பார்த்தால் ஆகஸ்ட், ஆனால் கண்டிப் பெரஹராவும் ஆடிவேலும் அந்தப் பக்கத்தில் வந்து மோதும், பொலிஸாரையும் பஸ்ஸையும் பங்கு போட வேண்டி வரும்.

செயற்கை ஓடுபாதை ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல பராமரிப்பில் பத்துப் பதினைந்து வருடம், அவ்வளவுதான். பிறகு சுரண்டி எடுத்துத் திரும்பப் போட வேண்டும். மூலப்பொருள் இறக்குமதி, டொலரில் காசு. 2022 இல் மருந்துக்கும் டீசலுக்கும் டொலர் இல்லாமல் நின்ற நாடு இது. அந்த வருட ஆசியக் கிண்ணக் கிரிக்கெட்டை நடத்த வேண்டியது நாங்கள், எரிபொருள் வரிசையைப் பார்த்து ஐக்கிய அரபு அமீரகத்துக்கு மாற்றினார்கள். எங்கள் அணி அங்கே போய்க் கிண்ணத்தை வென்றது வேறு கதை.

காசைவிட எனக்குப் பயம் நிர்வாகத்தில்தான். 2023 ஜனவரியில் உதைபந்தாட்டத்தை ஃபிஃபா தடை செய்தது. அதே வருடம் நவம்பரில் கிரிக்கெட்டை ஐசிசி இடைநிறுத்தியது. அதனால் 2024 தொடக்கத்தில் இங்கே நடக்க வேண்டிய 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குப் போனது. மைதானம் இருந்தது, ஹோட்டல் இருந்தது, பார்க்கச் சனமும் இருந்தது. யார் தலைவர், அரசு எவ்வளவு தலையிடலாம் என்ற இழுபறியில் கைவிட்டுப் போனது. இது தீராமல் எந்த விழாவுக்கு விண்ணப்பித்தாலும் பயனில்லை.

ஆசிய விளையாட்டு விழா, பொதுநலவாய விளையாட்டு விழா என்று பெரிதாக யோசிக்கலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். 2018 பொதுநலவாய விழாவுக்கு அம்பாந்தோட்டை போட்டியிட்டது. 2011 நவம்பரில் செயின்ட் கிட்ஸில் வாக்கெடுப்பு நடந்தது. கோல்ட் கோஸ்டுக்கு 43, எங்களுக்கு 27. அன்றைக்கு இங்கே பலர் கவலைப்பட்டார்கள். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அந்தப் பக்கத்தில் கட்டிய துறைமுகமும் மத்தள விமான நிலையமும் பிறகு பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் இரண்டு வாரத்துக்கென்று ஒரு விளையாட்டு நகரமும் வந்திருந்தால்? மொன்றியல் 1976 ஒலிம்பிக் கடனை 2006 வரை, 30 வருடம் கட்டியது. பணக்கார நாட்டு நகரம் அது. 2026 பொதுநலவாய விழாவை ஏற்றுக்கொண்ட அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலமே செலவைப் பார்த்துக் கைகழுவியது, கிளாஸ்கோதான் பிறகு பொறுப்பெடுத்தது.

தெற்காசிய விழா எங்கள் அளவுக்குத் தைத்த சட்டை. 1995 இல் சென்னை நடத்தியது, 2016 இல் குவாஹாத்தியும் ஷில்லொங்கும் பங்கு போட்டு நடத்தின, 2019 இல் காத்மண்டு, பொக்காரா, ஜனக்பூர் என்று நேபாளம் மூன்று இடத்துக்குப் பிரித்தது. நானும் அதைத்தான் சொல்கிறேன். கொழும்பு தலைமை நகரமாக இருக்கட்டும், எல்லாம் கொழும்பில் வேண்டாம். உதைபந்தாட்டத்தில் ஒரு பிரிவை யாழ்ப்பாணம் துரையப்பா அரங்குக்குக் கொடுங்கள். 2016 இல் இந்திய உதவியோடு புதுப்பித்த அரங்கு அது. குருநகரிலும் நாவாந்துறையிலும் இளவாலையிலும் உதைபந்தாட்டம் என்றால் வீட்டில் அடுப்பு எரியாது, எல்லோரும் மைதானத்தில்தான். மட்டக்களப்புக்கு ஒன்று, நுவரெலியாவுக்கு ஒன்று. அந்தந்த ஊர் ஆசிரியர்களை நடுவர்களாகப் பழக்குங்கள். அறிவிப்பு மூன்று மொழியிலும் வரட்டும். சுகததாசவைச் சுற்றிக் கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், ஆமர் வீதி என்று தமிழ் பேசும் சனம்தானே நிறைந்திருக்கிறது.

திறமை எங்கே இருக்கிறது என்பதற்கும் சாட்சி வேண்டாமா? ஆசிய விளையாட்டு விழாவில் இந்த நாட்டுக்குக் கிடைத்த முதல் தங்கம் 1958 டோக்கியோவில், யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் தாண்டி வென்றது. கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனை படைத்த அனிதா ஜெகதீஸ்வரனும் அருந்தவராசா புவிதரனும் யாழ்ப்பாணம்தான். நாலு மீற்றர்க் கோலை அங்கிருந்து கொழும்புக்குக் கொண்டுவருவதே தனிப் பாடு. ஹாங்சோவில் 2023 இல் 800 மீற்றரில் தங்கம் வென்ற தருஷி கருணாரத்ன கண்டிக்குப் பக்கத்து வளல பாடசாலைப் பிள்ளை. ஒருவரும் கொழும்பு அரங்கின் நிழலில் பிறந்தவர்கள் இல்லை.

ஆக, தம்பி, என் பதில்: நடத்தலாம், மூன்று விஷயம் எழுத்தில் இருந்தால். புதிய பெரிய அரங்கு ஒன்றும் கட்டக்கூடாது. விழாவுக்கென்று திருத்தும் ஒவ்வொரு ஓடுபாதையும் தடாகமும் முடிந்த அடுத்த வாரமே பாடசாலைப் பிள்ளைகளுக்குத் திறக்க வேண்டும், என்ன நேரம், என்ன கட்டணம் என்று முன்கூட்டியே அறிவித்து. மூன்றாவது, ஓடுபாதையைத் திரும்பப் போடுவதற்கான காசை விழாச் செலவிலேயே ஒதுக்கி வைக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல் வாணவேடிக்கைக்குக் காசு ஒதுக்கினால் நான் எதிர்ப்பக்கம்.

அதுவரைக்கும் நீங்கள் ஏதும் செய்ய விரும்பினால், அடுத்த பாடசாலைப் போட்டிக்குத் தொண்டராகப் பெயர் கொடுத்துக் கோல் ரூமில் நில்லுங்கள். வரும்போது ஒரு சின்னப் பை கொண்டுவாருங்கள். அதற்குள் ஆணி கழற்றும் சாவி ஒன்று, ஒரு சொட்டு எண்ணெய், 9 மில்லிமீற்றர் ஆணி இரண்டு டசின். அந்தப் பிள்ளை வெறுங்காலோடு ஓடிய நாளிலிருந்து நான் அப்படி ஒன்று இல்லாமல் மைதானத்துக்குப் போனதில்லை. ஒவ்வொரு வருடமும் ஆணி தீர்ந்துவிடும், திரும்ப வாங்கி வைப்பேன்.